கோடிட்ட இடங்கள்

பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிள்ளைகளுக்குச் சம்பளச் சீட்டும் நியமன ஆணையும் படிக்கச் சொல்லித் தருவது என்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. மேலிடத்து உத்தரவு கிடையாது, பாடப் புத்தகத்தில் பக்கம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. ஆகவே அதில் சொதப்பியதற்கு அரசாங்கத்தைக் குறை சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. ஒரு ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறு இருக்க முடியாது.

பந்தல்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பாடத்தின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகிற நாற்கரச் சாலையை ஒட்டிய ஊர். சுற்றிலும் மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் மக்காச்சோளம், பருத்தி, மல்லி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். திருச்சுழிப் பக்கம் போனாலும் இதே கதைதான், கண்மாய் மட்டும் கொஞ்சம் பெரிது. தரைக்கு அடியிலோ சுண்ணாம்புக்கல். ராம்கோ சிமெண்ட்ஸின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இங்கேதான் இருக்கிறது; கல் போவது துலுக்கப்பட்டிப் பக்கம் ராமசாமி ராஜா நகர் ஆலைக்கு. 1960களின் தொடக்கத்தில் வந்த ஆலை அது. அருப்புக்கோட்டையைச் சுற்றி நூற்பாலைகள். சாத்தூர், சிவகாசிப் பக்கம் போனால் தீப்பெட்டி, பட்டாசு. இன்னும் தள்ளிப் போனால் திருப்பூர்; அதையும் தாண்டினால் துபாய். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் இதில் ஏதாவது ஒன்றுக்குப் போகும். எங்கே போனாலும் முதல் நாள் ஒரு தாளை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, இங்கயும் ஒண்ணு" என்பார்கள். அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டாமா? இதுதான் என் எண்ணம். எண்ணத்தில் பிழை இல்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலேயே படிவம் நிரப்புதல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 5 மதிப்பெண். நூலக உறுப்பினர் படிவம், மேல்நிலை வகுப்புச் சேர்க்கைப் படிவம், வேலைக்கான தன்விவரப் படிவம். இன்னார் மகன் இன்னார் இந்த முகவரியில் குடியிருக்கிறார், தேர்வர் தம்மை அவராக எண்ணிப் படிவத்தை நிரப்புக என்று கேள்வி வரும். பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். என்னிடம் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த ஒருவனிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். தந்தை பெயர் என்ற இடத்தில் கைடு புத்தகத்தில் இருந்தவரின் பெயரை எழுதிக் கொடுத்தான். "இது யாருடா?" என்றேன். "அப்பா பேரு சார்" என்றான். "உங்க அப்பா பேரா?" என்று கேட்டதும்தான் அவனுக்கே உறைத்தது. அன்றைக்கு நான் ரொம்பச் சிரித்தேன். தமிழாசிரியரிடம் போய்ச் சொல்லியும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நீங்க நடத்திப் பாருங்க சார், அப்புறம் சிரிப்போம் என்றார். நல்ல மனிதர், இன்றுவரை அந்த இரண்டாவது சிரிப்பை அவர் சிரித்ததில்லை.

நான் நடத்தினேன். எப்படி நடத்தினேன் என்றால், கரும்பலகையில் 'நியமன ஆணை' என்று எழுதி அடிக்கோடு போட்டு, அதன் இலக்கணத்தைச் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். பிறகு சம்பளச் சீட்டின் இலக்கணம், சுற்றறிக்கையின் இலக்கணம், குறிப்பாணையின் இலக்கணம். மாதக் கடைசியில் தேர்வு. 'நியமன ஆணை என்றால் என்ன? (2 மதிப்பெண்)'. வகுப்பே முழு மதிப்பெண் வாங்கியது. நியமன ஆணையைக் கண்ணால் பார்த்த பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுகூடக் கிடையாது. கைடு புத்தகத்தைக் கேலி செய்தவன், நானே ஒரு கைடாக ஆகியிருந்தேன்.

சரி, நேரில் காட்டுவோம் என்று மாதிரி ஆவணங்கள் தயாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கணினியில் உட்கார்ந்து, அ.ஆ.இ. நிறுவனம் என்று பெயர் வைத்து, லெட்டர்பேடு, முத்திரை, பார்வை எண், நகல் பெறுவோர் எல்லாம் போட்டு அச்சடித்தேன். எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, மருத்துவ வசதி, புகார் இருந்தால் யாரை அணுக வேண்டும் என்று எல்லாமே இருந்தது. எனக்கே அந்த நிறுவனத்தில் சேர வேண்டும் போல இருந்தது. படித்துவிட்டு நிறை குறைகளைச் சொல்லுங்கள் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இந்தக் கம்பெனி எங்க சார் இருக்கு? எங்கக்காவச் சேத்து விடணும்."

குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. குறையே இல்லாத தாளைக் கையில் கொடுத்துவிட்டுக் குறை கண்டுபிடி என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எழுத்துப் பிழை தேடினார்கள். 'ஒப்பந்தம்' என்பதில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்தவளுக்குக் கைதட்டல்.

இந்த நேரத்தில்தான் எனக்கு உலக அறிவு வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1997-இல் வகுத்த மொழிப்பாட வரையறையில், 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் பணியிட ஆவணங்களின் அமைப்பை அலசிப் பார்க்க வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தார்கள் என்று தெரிந்துகொண்டேன். தலைப்பு எப்படிப் போட்டிருக்கிறது, கட்டம் எங்கே இருக்கிறது, எழுதியவர் எதற்காக அப்படிச் செய்தார் என்பதெல்லாம் அங்கே பாடமாக இருந்தது. இன்னொன்று நம் வீட்டுக் கதை. ஓ.இ.சி.டி. அமைப்பு உலகெங்கும் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வைக்கிற பிசா தேர்வின் 2009 சுற்றை ஒட்டி, அதன் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் எழுதின. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது, எழுதிய 74 நாடுகளிலும் பகுதிகளிலும், வாசிப்பில் நம் இரண்டுக்கும் கீழே கிர்கிஸ்தான் மட்டும்தான் இருந்தது. கேள்வியே நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாதது என்று அப்போது பேச்சு வந்தது. அடுத்தடுத்த சுற்றுகளை இந்தியா எழுதவில்லை. அந்தத் தேர்வில் வாசிப்பு என்றால் கதையும் கட்டுரையும் மட்டும் அல்ல. படிவம், அட்டவணை, அறிவிப்பு எல்லாமும் உண்டு.

பழைய பிசா கேள்வி ஒன்று பொதுவில் கிடைக்கிறது. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு விடுத்த அறிவிப்பு. குளிர்காலக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடப்படும், அலுவலக நேரத்திலேயே செவிலியர் வருவார், இலவசம், விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்கிறவர்கள் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கேள்விகளில் ஒன்று, எழுதியவர் இந்த அறிவிப்பு நட்பாகவும் ஊக்கமாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்தார், அதில் வெற்றி பெற்றாரா என்பது. படங்கள், நடை, அமைப்பு இவற்றைச் சுட்டிக்காட்டி விடை எழுத வேண்டும்.

நான் அதைத் தமிழில் ஆக்கி வகுப்பில் கொடுத்தேன். தமிழ்நாட்டின் மானத்தைப் பந்தல்குடி வட்டாரத்திலிருந்து மீட்டெடுப்பது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு வேறு.

"சார், ஊசி போட்டு மறுநாள் காய்ச்சல் வந்தா லீவுக்குச் சம்பளம் உண்டா?"

"அது இதுல இல்லம்மா. கேள்விக்கு வா."

"அதுல இல்லன்னுதான் சார் கேக்குறேன்."

இன்னொருத்தி, "கையெழுத்து வாங்குற தாளு எங்க சார்? அதக் குடுக்காம இதக் குடுத்திருக்கீங்க" என்றாள்.

நட்பாக இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒருவன் எழுதியிருந்த விடையை அப்படியே சொல்கிறேன்: 'இவ்வளவு அன்பாகப் பேசினால் உள்ளே ஏதோ இருக்கிறது.' விடைக்குறிப்பில் அப்படி ஒன்றும் இல்லை. நான் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டேன். பக்கத்தில் 'வினாவை நன்கு படிக்கவும்' என்றும் எழுதினேன். பேனாவை மூடி வைத்த பிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம். ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டி, உணவு இலவசம், தங்குமிடம் இலவசம், மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று அக்காக்களையும் சித்திகளையும் தொலைதூர ஆலைகளுக்குக் கூட்டிக்கொண்டுபோன காலத்தைப் பார்த்த வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் அவர்கள். அன்பாக எழுதிய அறிவிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்து, நிஜத் தாள்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். இதற்கு முன்னாலேயே அதைச் செய்திருக்கலாம். செய்யாததற்குக் காரணம், நிஜத் தாளில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை வகுப்பில் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பழைய சூத்திரம்.

ஒரு பெண்ணின் அக்கா நூற்பாலையில் சைடு பார்க்கிறாள். அவளுடைய சம்பளச் சீட்டு வந்தது. கணக்குக்கு வசதியாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 என்று வைத்துக்கொள்வோம். நான் பலகையில் வேகமாக எழுதினேன்: வருங்கால வைப்பு நிதி 12 சதவீதம், 1,200 ரூபாய். இ.எஸ்.ஐ. 1.75 சதவீதம், 175 ரூபாய். அந்தப் பெண் எழுந்தாள்.

"சார், சீட்டுல 75 ரூபாதான் பிடிச்சிருக்கு."

"அப்ப மில்லுல தப்பாப் போட்டிருக்காங்க. அக்காவப் போய்க் கேக்கச் சொல்லு. உரிமையோட கேக்கச் சொல்லு."

அக்கா போய் உரிமையோடு கேட்டிருக்கிறாள். என்ன கேட்டிருக்கிறாள்? தன் சம்பளத்தில் இன்னும் 100 ரூபாய் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அலுவலகத்தில் இருந்தவர் அவளை உட்காரவைத்து, 2019 ஜூலையிலிருந்தே தொழிலாளி பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25 என்று சீட்டின் பின்னாலேயே எழுதிக் கொடுத்து, "யாரும்மா சொன்னது?" என்று விசாரித்திருக்கிறார். "எங்க தங்கச்சியோட சாரு." சீட்டு மறுநாள் என் மேசைக்கு வந்தது, பின்பக்கம் மேலே பார்க்க. என் குறிப்பு நோட்டு எந்த வருடத்தியது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சூடுபட்டவன் அடுத்த தடவை எப்படி நடந்துகொள்வான்? எல்லாவற்றுக்கும் 'சரியாத்தான் இருக்கும்' என்பான். அடுத்த வாரம் அதே பெண் அக்காவின் கைப்பேசியில் வருங்கால வைப்பு நிதிப் பாஸ்புக்கைத் திறந்து காட்டினாள். தொழிலாளி பங்கு 1,200. முதலாளியும் 12 சதவீதம் போடுகிறார் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் பங்கு என்ற இடத்தில் 367 ரூபாய்தான் இருக்கிறது. மீதி எங்கே சார்?

"கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது அப்பிடி இப்பிடி இருக்கும்மா. சரியாத்தான் இருக்கும்."

அன்று மாலை மணி அடித்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடும்போது அவள் மட்டும் திரும்பி வந்தாள். "சார், இப்பிடி ஓரத்துல தள்ளிப் பாத்தா இன்னொரு கட்டம் இருக்கு." திரையின் வலப்பக்கத்தில் ஒளிந்துகொண்டிருந்தது ஓய்வூதியக் கட்டம். 833 ரூபாய். முதலாளி போடுகிற 12-இல் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது, பாக்கி 3.67 மட்டும் வைப்பு நிதியில் சேர்கிறது. பத்து வருடப் பணிக் கணக்கு இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம். அது இல்லாமல் வேலையை விட்டவர்கள் 10சி படிவம் போட்டு அந்தப் பணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விட்ட பெண் இதைக் கேட்பாளா? கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே? இத்தனையும் நான் அன்றிரவு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது. இந்த விஷயத்தில் என் பங்களிப்பு அவ்வளவுதான். கட்டத்தைத் தள்ளிப் பார்த்தது அவள் விரல்.

லாரி ஓட்டுநர் மகன் ஒருவன் நடைச்சீட்டு கொண்டுவந்தான். கிராவலோ ஜல்லியோ ஏற்றிப் போகிற லாரியில் இருக்க வேண்டிய சீட்டு. வண்டி எண், ஏற்றிய அளவு, எங்கிருந்து எங்கே, புறப்பட்ட நேரம் எல்லாம் அதில் இருக்கும். என் பாட ஆயத்தம் என்னவென்றால், சீட்டில் எத்தனை விவரங்கள் உள்ளன என்று பட்டியலிடச் சொல்வது. எல்லோரும் பட்டியலிட்டார்கள். அவன் சும்மா இருந்தான்.

"நீ ஏன்டா எழுதல?"

"இருக்கறத எழுதி என்ன சார் ஆகப் போகுது? எழுதாம விட்டிருக்கறதத்தான் மொதல்ல பாக்கணும்."

அவன் அப்பா சொல்லிக் கொடுத்ததாம். நேரம் போடாத சீட்டை வாங்கினால், ஒரே சீட்டில் ரெண்டு நடை ஓடச் சொல்வார்கள். வழியில் வண்டியை மறித்தால் மாட்டுகிறவன் ஓட்டுநர்தான். ஆகவே சீட்டைக் கையில் வாங்கியதும் அவர் பார்க்கிற முதல் இடம் நேரக் கட்டம். எடைமேடைச் சீட்டானால் லோடு எடையைப் பார்ப்பதற்கு முன்னால் காலி எடையைப் பார்ப்பாராம். லோடு எடையில் யாரும் கை வைப்பதில்லை, அதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

பிசாவும் கலிபோர்னியாவும் சேர்ந்து எனக்குச் சொல்லித் தராததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டான். அதற்கு ஆசிரியராகிய நான் என்ன செய்தேன்? பதறிப்போனேன். நடைச்சீட்டு, ரெண்டு நடை என்றெல்லாம் வகுப்பில் பேச்சு போனால் எங்கே போய் முடியுமோ என்று, "அதெல்லாம் நமக்கு வேண்டாம், விவரங்களை மட்டும் எழுது" என்றேன். எழுதினான். ஏழு விவரம். நல்ல கையெழுத்து.

இதே கூத்துதான் 480 நாள் பாடத்திலும். 1981-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்க வேண்டும். நான் அதைக் கொஞ்சம் குரலை ஏற்றியே நடத்தினேன், மேடையில் பேசுவது போல. "479-ஆவது நாள் நிறுத்திட்டா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவை என்றுகூடச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய மாமாவை ஒரு ஆலையில் இப்படித்தான் நடுவில் சில மாதம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் புது ஆளாக எடுத்தார்களாம். வருகைப் பதிவில் அவர் இரண்டு ஆள். இதற்கு என்னிடம் விடை இல்லை. மணி அடித்தது. மணி அடிக்கிறவரை நான் அவ்வளவு நேசித்த நாள் வேறு கிடையாது.

பள்ளிக்கு வரும் வழியில் கண்ணில் படுகிற அறிவிப்புகளை எழுதி வரச் சொன்ன பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெரும்பாலும் பூப்புனித நீராட்டு ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி. ஒருவன் மட்டும் கல் குவாரியில் வெடி வைக்கும் நேரத்தைப் போட்டிருந்த பலகையை எழுதி வந்தான்: சங்கு ஊதியதும் விலகிவிட வேண்டும், சிவப்புக் கொடி இருந்தால் உள்ளே வரக் கூடாது. அதில் இருந்த சந்திப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, சரி, இந்த ஆள் சொந்த விஷயத்திலாவது தாளைப் படிப்பார் என்று நீங்கள் நினைத்தால், என் வீட்டில் கேளுங்கள். ஒப்பந்தச் சட்டம் 1872-ஐப் பதினொன்றாம் வகுப்புக்கு நடத்துகிற நான், சக ஆசிரியர் ஒருவர் கடன் வாங்கும்போது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார்' என்றார். டீயும் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு ஈடானது, வேறாக ஒப்பந்தம் இருந்தாலொழிய. அந்தத் தாளில் வேறாக ஒன்றும் இல்லை என்பதை என் சம்பளத்தில் கை வைத்த பிறகு படித்தேன். என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்க பள்ளிக்கூடத்துல என்னத்தத்தான் சொல்லித் தாரீக?"

2025 நவம்பர் 21-ஆம் தேதி மத்திய அரசு 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்பாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதாவது எந்தத் தாளை எடுத்துக் காட்ட முடியாமல் நான் இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அந்தத் தாள் இனி ஒவ்வொருவர் கைக்கும் வர வேண்டும். சந்தோஷம்தான். 1936-ஆம் வருடச் சட்டம், 1948-ஆம் வருடச் சட்டம் என்று நான் வருடம் வருடமாகச் சேர்த்த குறிப்பு நோட்டு மட்டும் ஒரே இரவில் வரலாற்றுப் பாடமாகிவிட்டது. வரலாற்று ஆசிரியரிடம் தரட்டுமா என்று கேட்டேன். கையெழுத்துப் புரியவில்லை என்றார்.

இதற்குள் அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். வகுப்பாசிரியரும் நானே. பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல் தயாராகிற காலம் எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: கணினி அறையில் கூட்டம், இணையம் வராது, நாளைக்குள் முடிக்க வேண்டும் என்று தொலைபேசி. அச்சடித்த பட்டியலில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பாடம், பயிற்றுமொழி எல்லாம் சரியா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பிற்பாடு மதிப்பெண் சான்றிதழில் இதுதான் அச்சாகும். சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் என்ன ஆகும் என்பதை நான் விலாவாரியாக நடத்தியிருக்கிறேன். இனிஷியல் முன்னால் ஒரு தாளில், பின்னால் ஒரு தாளில், அப்பா பெயரை முழுசாக விரித்து இன்னொரு தாளில். முத்துலட்சுமி என்பவள் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் லட்சுமி, இன்னோரிடத்தில் லெட்சுமி. வைப்பு நிதியைக் கேட்டு விண்ணப்பித்தால் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். உழைத்தது அவளேதான், ஆனால் கணினிக்கு அவள் வேறு ஆள். ஆகவே எந்தத் தாளிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே, அவசரப்படுத்துகிறவனை நம்பாதே. இவை என் வாயிலிருந்து வந்த சொற்கள்தான். பிள்ளைகளின் நோட்டில் தேதியோடு இருக்கிறது.

அன்று மாலை நான்கு மணி தாண்டிவிட்டது. பட்டியலைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் ஓடினேன்.

"வரிசையா வாங்க. பேரைப் பாரு, கையெழுத்தப் போடு, போய்க்கிட்டே இரு. சீக்கிரம், சீக்கிரம். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு."

வரிசை நன்றாகத்தான் நகர்ந்தது. லாரி ஓட்டுநர் மகன் முறை வந்ததும் நின்றுபோனது. அவன் பட்டியலைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டு போனான். மேலே இருந்த தலைப்பையும் படித்தான். அடியில் சின்ன எழுத்தில் இருந்ததையும் படித்தான்.

"டேய், என்ன பொன்னியின் செல்வனா படிக்கிற? போடுடா கையெழுத்த!"

சொல்லி முடித்த பிறகுதான் வகுப்பு அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். வைப்பு நிதிக் கட்டத்தைத் தள்ளிப் பார்த்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

அவன் நிமிராமலே சொன்னான்: "எனக்கு அப்பா இனிஷியல் மாறியிருக்கு சார். இவளுக்குப் பிறந்த மாசம் தப்பு. அவ கையெழுத்துப் போட்டுட்டுப் போய்ட்டா. அப்புறம் இங்க ஒரு கட்டம் எல்லாருக்குமே காலியா இருக்கு. பயிற்று மொழி."

நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் பயிற்று மொழி காலி. அதை நிரப்ப வேண்டியவன் நான்.

ஏற்றியதைத் திருத்த வேண்டுமானால் மேலே கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதினேன்: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு. நான் நடத்திய பாடம். இதிலாவது யாரும் குறை சொல்ல முடியாது. அவனைக் கூப்பிட்டு, பெருந்தன்மையாக, "படிச்சுப் பாருடா" என்று நீட்டினேன். நின்றபடியே படித்தான். எனக்கு வியர்த்தது.

"நல்லா இருக்கு சார். தேதி போடல."

வாங்கித் தேதியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மறுபடியும் மேலிருந்து கீழ்வரை படித்தான்.

"சார், இது போன வருஷம்."